இரண்டாவது ஊசி

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மில்லி. டம்ளரில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது, மகள் ரெனிட்டாவின் காய்ச்சல் மருந்தோடு கொடுத்த ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு அதன்மேல் குறுக்காகக் கிடந்தது, சமையலறைக் கடிகாரத்தில் ஒன்றரை ஆக இன்னும் நான்கு நிமிஷம் இருந்தது. அந்த நான்கு நிமிஷத்துக்குத்தான் ஜெசிந்தா பயந்தாள். கையில் வேலை இருக்கிறவரை மனசு ஓர் இடத்தில் கிடக்கிறது, கை சும்மா ஆனதும் அவிழ்த்துக்கொண்டு காலையில் போன இடத்துக்கே திரும்பவும் போய்விடுகிறது, டாக்டரின் தகர மேஜைக்கு, பாதி திறந்து மூடிக்கொண்ட அந்த டிராயருக்கு. வேண்டாம். பெட்டியைப் பார். மிக்ஸி வாங்கினபோது வந்த அட்டைப்பெட்டி, உள்ளே புருஷன் பெனடிக்டின் பழைய ஒர்க்‌ஷாப் சட்டை, சட்டைமேல் பூந்தி. மூன்று மாத நாய்க்குட்டி. ரெனிட்டா வைத்த பெயர், மஞ்சளாய் உருண்டையாய் இருக்குதும்மா, பூந்தின்னு கூப்பிடலாம்மா என்று. இப்போது உருண்டையாக எதுவும் இல்லை. ஒரே ராத்திரியில் வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்டது, இடுப்பெலும்பு இரண்டும் தோலுக்கடியில் தனித்தனியாகத் தெரிந்தன, கண் மூடவும் இல்லை, எதையும் பார்க்கவும் இல்லை. ஈறு வெள்ளையாகப் போயிருந்தது. காலையில் கொஞ்சம் ரோஸ் இருந்ததே, இருந்ததா, சரியாகப் பார்த்தாளா? பதினோரு மணிக்கு முதல் தடவை ரத்தமாகப் போனது. அந்த நாற்றம். பினாயில் ஊற்றித் துடைத்தாயிற்று, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாயிற்று, ஊதுவத்திகூட வைத்தாயிற்று, அது எல்லாவற்றுக்கும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு, துருப்பிடித்த இரும்பை வாயில் வைத்தது போல நாக்கிலேயே நின்றது. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஜன்னல் சின்னது. முன்வாசலைத் திறந்து வைத்தால் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து என்னாச்சு ஜெசி என்பாள், என்னாச்சு என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றரை. அவள் சிரிஞ்சுக் குழலில் இழுத்து, கன்னத்தை விரலால் விலக்கி, சொட்டுச் சொட்டாக விட்டாள். பாதி உள்ளே போனது. பாதி மோவாய் வழியாகச் சட்டையில் இறங்கியது. விழுங்கிவிட்டதா? தொண்டை அசைந்தது. அசைந்தது என்றுதான் நினைத்தாள். விழுங்கிவிடு தங்கம், விழுங்கிவிடு.

காலை எட்டேகாலுக்கெல்லாம் டாக்டரிடம் போய்விட்டார்கள். பெனடிக்ட் ஏழு மணிக்கே ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான், ரெனிட்டாவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை, அதனால் அவளும் யூனிஃபார்மும் பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கூடவே வந்தாள், அங்கிருந்து அதே ஆட்டோவில் ஸ்கூலுக்கு என்று ஏற்பாடு. மகுடபதி ரிட்டயரான கால்நடை டாக்டர், வீட்டிலேயே பார்க்கிறவர், பெரிய மீசை, வாசலில் செருப்பை நேராக விடவில்லை என்று யாரையோ சத்தம் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பூந்தியை மேஜையில் விட்டதும் ஜெசிந்தா அழுதுவிட்டாள், அழக்கூடாது என்று ஆட்டோ முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தும். "ஏம்மா, நாட்டு நாய்தானே? இதுக்கா இந்த அழுகை? ஒண்ணு போனா தெருவுல ஒம்பது கெடக்கு." கையுறைகூடப் போடாமல் வயிற்றை அமுக்கினார், அது கத்தியது, கத்தினதும் ரெனிட்டா அவள் சேலையைப் பிடித்தாள். "என்ன போட்டீங்க? புருஷன் தின்ன மிச்சம், புள்ள தின்ன மிச்சம் எல்லாம் போட்டிருப்பீங்க." இல்ல சார், சோறும் பாலும்தான் சார். "பால யாரு குடுக்கச் சொன்னா? நீங்களே டாக்டரா?" சார், நாய்க்குட்டிக்கு பார்வோ வைரஸ்னு ஒரு நோய் சொல்றாங்களே சார், அதுவா இருக்குமோன்னு. அவர் நிமிர்ந்து பார்த்தார். "போன்ல படிச்சுட்டு வந்துட்டீங்களாக்கும்." ஆனால் கை மட்டும் டிராயருக்குப் போனது. அதை அவள் பார்த்தாள். டிராயர் பாதி வந்தது, உள்ளே வெள்ளைப் பாக்கெட்டுகள் வரிசையாக இருந்தன, டெஸ்ட் பண்ணுகிற பட்டையாகத்தான் இருக்கும், ஒன்றைத் தொட்டுக்கூட விட்டார், தொட்டுக்கொண்டே, "ஊசி கார்டு எங்க?" என்றார். அவள் கார்டை நீட்டினாள். நீட்டின கை அவளுடையதுதான். மூக்குக்கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை. "ரெண்டு ஊசியும் போட்டிருக்கே. அப்ப அது இல்ல. கண்டதத் தின்னிருக்கு." டிராயர் மூடிக்கொண்டது. அப்போது ரெனிட்டா... இல்லை, அது அப்புறம். முதலில் ஒரு ஊசி போட்டார், வாந்திக்கு, பிறகு மாத்திரைச் சீட்டு எழுதினார், பிறகு, நிக்கலன்னா அஞ்சு மணிக்கு மேல வாங்க என்றார், பிறகு அடுத்த ஆளை வரச் சொன்னார். டிராயர் சத்தம் மட்டும் இன்னும் போகவில்லை. தகரம் தகரத்தோடு உரசி, கடைசியில் டக்கென்று. ஒன்று நாற்பது. இரண்டு மில்லி.

முதல் ஊசி நிஜம். அதைப் போட்டது கவர்ன்மென்ட் மாட்டாஸ்பத்திரியில் இன்னொரு டாக்டர், சின்ன வயசுப் பெண், பூந்தியை மேஜையில் வைக்காமல் மடியிலேயே வைத்துப் போட்டாள், மருந்துப் புட்டியில் இருந்த ஸ்டிக்கரைக் கிழித்துக் கார்டில் ஒட்டிக் கையெழுத்து போட்டாள், இருபத்தொரு நாள் கழிச்சு வாங்க அக்கா, மறந்துடாதீங்க. மறக்கவில்லை. இருபத்தொன்றாம் நாள் போனபோது அந்தப் பெண் மாற்றலாகிப் போயிருந்தாள். மகுடபதி சார்ட்ட போங்க என்றார்கள். மறுநாள் போனாள், பூந்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டு கேட் வரைக்கும் போனாள். உள்ளே அவர் யாரோ ஒரு கிழவரைக் கிழித்துக்கொண்டிருந்தார், மாடு செத்தப்புறம் எதுக்குய்யா ஓட்டிட்டு வர்ற என்று, கிழவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஒரு நாள் தள்ளி வந்ததுக்கு நம்மையும் கேட்பார் என்று தோன்றியது. தோன்றினதும் கால் தானாகத் திரும்பிவிட்டது. நாளைக்கு. நாளைக்கு ரெனிட்டாவுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் மழை. மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது பெனடிக்ட், "ரெண்டாவது ஊசி போட்டாச்சா?" என்றான். நாய் வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னவன், நீ கேட்டே, நீயே பாத்துக்க என்று சொல்லித்தான் சம்மதித்தான். போட்டாச்சு, என்றாள். சும்மா வாயில் வந்துவிட்டது. அவன் எந்தக் காகிதத்தையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு வைக்கிறவன், கார்டைக் குடு, வெச்சிடறேன் என்றான், இருங்க எடுத்துட்டு வர்றேன் என்று உள்ளே போய், அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீலப் பேனாவால் தேதி எழுதி, அந்தப் பெண்ணின் கையெழுத்தை, அந்தச் சுழியும் கீழ்க்கோடும், ஒரே இழுப்பில் போட்டாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. பழகின கை. ஏழாம் வகுப்பில் ஹேண்ட்புக்கில் அப்பாவின் கையெழுத்தை இப்படித்தான் போட்டாள், கணக்கில் முப்பத்தொன்று மார்க், சிஸ்டர் இம்மாகுலேட் பார்த்துவிட்டு, குட் என்று தலையாட்டினார்கள். சிஸ்டருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சும்மா இருப்பார்கள், நாற்பது பிள்ளைகளும் சும்மா இருப்பார்கள், ஃபேன் மட்டும் சுற்றும். அந்தச் சும்மாவுக்குப் பயந்து அவள் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள், முழங்கால் போட்டு, பொய் சொன்னேன் சாமி, மூணு தடவை. என்ன பொய் என்று சாமி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால்? எண்ணிக்கை சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது, மூணு தடவை, நாலு தடவை, பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம், எழுந்து வெளியே வந்தால் வெயில் பளிச்சென்று இருக்கும், கை கழுவின மாதிரி. ஊசியைச் சனிக்கிழமை கண்டிப்பாய்ப் போட்டுவிடுவோம், எழுதினதை நிஜமாக்கிவிடுவோம் என்றுதான் இருந்தாள். எத்தனை சனிக்கிழமை போனது? மூன்று. நாலாவது நாளைக்கு. ஸ்டிக்கர் இல்லையே என்று அவராவது பார்த்திருக்கலாம். முதல் கட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கிறது, இரண்டாவது கட்டம் வெறுமையாக இருக்கிறது, மீசை வைத்துக்கொண்டு அவ்வளவு கத்துகிற மனுஷருக்குக் கண் இல்லையா? அவர்மேல் கோபப்பட ஒரு நிமிஷம் சுகமாக இருந்தது. ஒரு நிமிஷம்தான் நின்றது.

போன் அடித்தது, பெனடிக்ட், பின்னால் இயந்திரச் சத்தம். "எப்படி இருக்கு?" தூங்குது. "ரத்தம் கித்தம் போச்சா?" இல்ல. "அதான் ரெண்டு ஊசியும் போட்டோமே ஜெசி, ஒண்ணும் ஆகாது. நீ சாப்ட்டியா?" சாப்ட்டேன். வைத்துவிட்டான். மூன்று தடவை, இந்த ஒரு போனிலேயே மூன்று தடவை. அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டின் தலையில் டாக்டரின் நம்பர் இருந்தது, கீழே சின்ன எழுத்தில், அவசரத்துக்கு மட்டும். ரத்தம் பார்த்த பதினோரு மணிக்கே அந்த நம்பரை அடித்து, பத்தாவது எண்ணில் விரலை எடுத்துவிட்டாள். என்னவென்று சொல்வது? மனசுக்குள் அது ஒரு லீவ் லெட்டராகத்தான் வந்தது, ரெஸ்பெக்டட் சார், ஐ பெக் டு ஸ்டேட் தட், கன்னத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இழுத்தது, உடனே அழுகையாகிவிட்டது. சார், ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு. சின்னதா? சார், கார்டுல ஒரு குழப்பம். குழப்பம் ஒன்றும் இல்லை. ரெனிட்டா பிறந்தபோது பிரசவ வார்டில் நர்ஸ் சொன்னாள், கத்தாதே, கத்தினா டாக்டருக்குக் கோவம் வரும். அவள் கத்தவில்லை, முந்தானையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், கடைசியில் டாக்டர் வந்து, வலி வந்தா கூப்பிட வேண்டாமா, குழந்தை நீலமா இருக்கு என்று அதற்கும் கத்தினார். ரெனிட்டா அழ இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷம் இன்னும் உள்ளே எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ரெனிட்டா நேற்று பூந்தியை வாயோடு வாய் வைத்துக் கொஞ்சினாளே, இது மனுஷருக்கு வருமா, வராது என்று போனில் போட்டிருந்தது, ஆனால் யாராவது ஒரு மனுஷர் வாயால் சொன்னால் நன்றாக இருக்கும். கை கழுவினாளா? காலையில் அந்தக் கையால்தான் இட்லியைப் பிட்டாள். அந்தக் கைதான் சேலையைப் பிடித்தது. அங்கே, அந்த மேஜைக்குப் பக்கத்தில். இனிமேல் சுற்றிப் போக வழியில்லை. டிராயர் மூடினதும் ரெனிட்டா சொன்னாள், தெளிவாக, வகுப்பில் கை தூக்கிச் சொல்கிற குரலில், "ரெண்டாவது ஊசி போடலையேம்மா. கேட்லருந்து திரும்பி வந்துட்டோமே." அன்று அவளும் கூட வந்திருந்தாள், ஜெசிந்தாவுக்கு அது மறந்தே போயிருந்தது. மேஜைக்கடியில் கை தானாகப் போனது. பினஃபோர் ஓரத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, அந்த மெத்தென்ற சதை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், திருகினாள். தட்டவில்லை, நிமிண்டவில்லை. திருகினாள். குழந்தை கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தது, ஏன் என்று கேட்காமல், புரிந்துபோன மாதிரி. டாக்டர், "என்ன சொல்லுது பாப்பா?" என்றார். ஒருவேளை அவர் கேட்கத் தயாராக இருந்தாரோ. மீசையும் சத்தமுமாக இருந்தாலும் அந்த ஒரு நொடி அவர் காது கொடுத்தார். "அதுக்கு என்ன தெரியும் சார்," என்றாள் ஜெசிந்தா, சிரித்துக்கொண்டு. சிரித்தாள்.

இரண்டு மணி ஐந்து. இரண்டு பதினைந்து. ஒரு தடவை தண்ணீரை எடுக்கவே இல்லை, அப்படியே வழிந்தது. இரண்டு இருபத்தைந்துக்கு அவள் குழலை நிரப்பிக்கொண்டு திரும்பினபோது பெட்டிக்குள் சட்டை அசைந்தது. பூந்தி தலையைத் தூக்கியிருந்தது. தேவனே, தலையைத் தூக்கிவிட்டதே. அது முன்னங்காலைப் பெட்டி ஓரத்தில் வைத்தது, சரிந்தது, திரும்ப வைத்தது, பெட்டியே ஒரு பக்கமாகச் சாய்ந்து அது தரையில் விழுந்தது. பின்னங்கால் வரவில்லை. முன்கால் இரண்டையும் வைத்து இழுத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் ஈரக்கோடு போட்டுக்கொண்டு, குளியலறை வாசலைப் பார்த்துப் போனது. எங்கே போகிறது என்று முதலில் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. குளியலறை வாசலில் பழைய பேப்பர் விரித்திருந்தது. அங்கேதான் போக வேண்டும் என்று பழக்கியிருந்தாள், வந்த புதிதில் ஹாலில் போனதற்கு விளக்குமாற்றைத் தரையில் அடித்து அடித்து, ச்சீ, ச்சீ என்று கத்திப் பழக்கியிருந்தாள். ஆறடி தூரம். வழியில் இரண்டு தடவை நின்றது. பேப்பர்மேல் போய்ச் சேர்ந்து, ரத்தமும் தண்ணீருமாகப் போய், தலையைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்துக் காதை மடக்கிக்கொண்டது. திட்டுவாளோ என்று. செத்துக்கொண்டிருக்கும்போதும், திட்டுவாளோ என்று. ஜெசிந்தா குழலைக் கீழே போட்டாள். நம்பரை அடித்தாள், பத்தாவது எண்ணையும் அடித்தாள். ஐந்தாவது மணியில் எடுத்தார். "யாரு?" சார், காலைல வந்தேன், ரயில்வே குவார்ட்டர்ஸ், மஞ்சக் குட்டி. "அஞ்சு மணிக்கு மேலன்னு சொன்னேனே." சார், ரத்தம் போகுது சார், பதினோரு மணிலருந்து. சார், ரெண்டாவது ஊசி போடல. "கார்டுல இருக்கே." நான்தான் எழுதினேன் சார். நானே கையெழுத்து போட்டேன். இப்போது வரும், இப்போது கத்துவார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டாள். அவர் கத்தவில்லை. எங்கேயோ ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, அவர் வீட்டிலா இவள் தலைக்குள்ளா. "பாப்பா சொல்லிச்சே," என்றார். பிறகு, "காலைலயே சொல்லியிருந்தா ட்ரிப் ஏத்தியிருப்பேன். ஆறு மணி நேரம் போச்சு. தூக்கிட்டு வாங்க, வேற நாய் இருக்கற பக்கம் எறக்காதீங்க, நேரா பின்பக்கமா வாங்க." சார், பொழைச்சிடுமா சார்? "என்னால அதெல்லாம் சொல்ல முடியாது." வைத்துவிட்டார். கத்தியிருந்தால் தேவலை.

ஆட்டோ கிடைத்து வரும்போது மூன்றடிக்கப் போகிறது, ஸ்கூல் வழியாகத்தான் போயாக வேண்டும், குழந்தையை வேனில் அனுப்பினால் பூட்டின வீட்டு வாசலில் நிற்கும், அதனால் கேட்டில் அண்ணே ரெண்டே நிமிஷம் என்று நிறுத்தி ரெனிட்டாவையும் ஏற்றிக்கொண்டாள். வாட்ச்மேனிடம் அவசரம் என்றாள், ஆஸ்பத்திரி என்றாள், எல்லாம் நிஜம். "சீக்கிரம் போங்கண்ணே." "போயிட்டே இருக்கேன்மா, பறக்கவா முடியும்," என்றார் ஆட்டோக்காரர், ஆனாலும் முறுக்கினார். பூந்தி துண்டோடு மடியில் இருந்தது. வலது கையை அதன் முன்னங்காலுக்கு அடியில் விட்டு, இரண்டு விரலை விலாவில் அழுத்தி வைத்திருந்தாள், அங்கே மெல்லிசாக, அவசரமாக, ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. ரெனிட்டா தொடவில்லை. பையை மடியில் கட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள், முடிந்தவரை அம்மா கையை விட்டுத் தள்ளி. அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாளா, இல்லை இடம் இல்லாமலா? ஜெசிந்தா இடது கையை நீட்டிப் பினஃபோர் ஓரத்தை லேசாகத் தூக்கினாள். கருநீலமாக, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, நடுவில் நகம் பதிந்த கோடு. குழந்தை துணியை இழுத்து மூடிக்கொண்டது. "வலிக்குதா ரெனி?" "வலிக்கல." முன்னால் பார்த்துக்கொண்டே, "கேம்ஸ் பீரியட்ல மிஸ் பாத்துட்டாங்க, என்னதுன்னு கேட்டாங்க," என்றாள். "என்ன சொன்னே?" "கீழ விழுந்துட்டேன்னு சொன்னேன்." எவ்வளவு இயல்பாகச் சொல்கிறாள், ஆறு வயசுக்கு, கண்ணில் ஒரு பயமும் இல்லாமல், காரியத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வந்த பிள்ளையாக. யார் சொல்லிக்கொடுத்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆட்டோ ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, பூந்தியின் தலை அவள் முழங்கையில் இடித்து அப்படியே நின்றது. விரலை இன்னும் அழுத்தினாள். இடம் மாறிவிட்டதோ என்று கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே, வண்டியின் அதிர்வா துடிப்பா, வண்டிதான், அண்ணே கொஞ்சம் நிறுத்துங்களேன் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. அடுத்த வேகத்தடை வரைக்கும் காத்திருந்தாள். உடம்பு சூடாகத்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை. இன்னும் இரண்டு தெரு, பின்பக்கமாக வரச் சொன்னார், ட்ரிப் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நிற்பாராயிருக்கும் அந்த மனுஷர். ரெனிட்டா துண்டின் ஓரத்தை எட்டிப் பார்த்தாள். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு விரலை நீட்டி அந்த மஞ்சள் காதைத் தொட்டாள், காது மடங்கவில்லை. "பூந்தி தூங்குதாம்மா?" ஆமா என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது, எப்போதும் தயாராகத்தான் இருக்கும் அது, டாக்டர் வீடு வரைக்குமாவது, ராத்திரி பெனடிக்ட் வரும்வரைக்குமாவது.

"இல்லடா," என்றாள் ஜெசிந்தா.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார்.